ஏழாம் இலக்கத்து இலை

சீதேவிப்பிள்ளைக்கு இலை காயவைக்கத் தெரியும். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும். இருட்டில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆய்வுகூடத்தின் பின் விறாந்தையில், தெற்கு மூலையில், காற்று வரும், வெயில் வராது. அந்த மூலையைக் கண்டுபிடித்தது அவள்தான். பழைய பேப்பரை விரித்து இலையைப் பரப்புவாள். காலையும் பின்னேரமும் கையால் புரட்டிவிடுவாள். ஐந்தாம் நாள் ஓர் இலையை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் நொறுக்கிப் பார்ப்பாள். சத்தம் சரியாக இருந்தால் அரைக்கலாம்.

"உங்கட காது ஒரு மெசின் அக்கா" என்பார் திவாகரன்.

திவாகரன் அந்த ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர். வெளிநாட்டில் படித்துப் பட்டம் எடுத்து வந்தவர். நாற்பது வயதுகூட இல்லை. சீதேவிப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து. பதினொரு வருடமாக அங்கே கூட்டித் துடைத்து, போத்தல் கழுவி, இலை அரைக்கிறாள். வவுணதீவிலிருந்து முதல் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும் திறப்பை அவிழ்த்துக் கதவைத் திறப்பாள். அவளுக்குப் பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள்.

அங்கே வாவிக்கரைச் செடிகளில் மருந்து தேடினார்கள். பன்னிரண்டு செடிகள், பன்னிரண்டு இலக்கங்கள். ஏழாவது, கண்டல் மரங்களுக்குள் சேற்றோடு நிற்கிற ஒரு முள்ளுச்செடி. ஊரில் அதற்கு ஒழுங்கான பெயர் கிடையாது. மாட்டுக்காரர்கள் "சும்மா முள்ளு" என்பார்கள். இலையை அரைத்துச் சல்லடையில் அரித்து, மாவை ஸ்பிரிட்டில் ஊறவைப்பார்கள். பிறகு ஒரு மெசின் அதைச் சுழற்றிச் சுழற்றி ஸ்பிரிட்டை ஓட்டிவிடும். போத்தலின் அடியில் கரும்பச்சையாகத் தார் போல ஒன்று மிஞ்சும். அதில் ஒரு துளியைக் கரைத்து, பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்கிற உயிர்க்கலங்களின் மேல் விடுவார்கள். ஒரு தட்டில் நுரையீரல் புற்றுநோய்க் கலங்கள். அதற்குச் சிவப்பு லேபிள். இன்னொன்றில் நோயில்லாத நல்ல கலங்கள். அதற்கு நீல லேபிள். இரண்டு நாள் கழித்து வேறொரு மெசின் எண் காட்டும். நூறு என்றால் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. எண் குறையக் குறையச் சாவு கூடுதல். லேபிள் எழுதி ஒட்டுவதும் அவள், கடைசியில் தட்டைக் கழுவுவதும் அவள். இதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று நின்று அவள் பிடித்துக்கொண்டவை.

ஜனவரியில் ஒருநாள் திவாகரன் மெசினுக்கு முன்னாலிருந்து துள்ளி எழும்பினார்.

"அக்கா! ஏழாம் இலக்கம் கொண்டுபோட்டுது! நூத்துக்குப் பதினொண்டு!"

அது சிவப்புத் தட்டு. நீலத் தட்டை இன்னும் செய்யவில்லை. அதற்குள் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய்க்கு நம் வாவிக்கரையில் மருந்து என்று, திவாகரனின் படத்தோடு. சீதேவிப்பிள்ளை இரண்டு பேப்பர் வாங்கினாள். ஒன்றை இலைக்கு விரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த மாதம் முடிவதற்குள்தான் அவளுடைய புருசன் வினாயகமூர்த்திக்கும் அதே நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாரி மழையோடு தொடங்கிய இருமல். நாற்பது வருடச் சுருட்டு. சளியில் இரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார். முதல் ஊசிக்குப் பெப்ரவரி இருபத்தாறாம் திகதி என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை மூன்று கிழமைக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

சல்லடையில் தங்கும் சக்கையை எப்போதும் எறிவார்கள். அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சேர், இதை எறியாம நான் எடுக்கவா? அவருக்கு..."

திவாகரன் அவள் கையிலிருந்த சக்கையைப் பார்த்தார்.

"எடுங்க அக்கா" என்றார்.

எட்டுச் சுண்டுத் தண்ணீரை ஒரு சுண்டாக வற்றவைப்பது அவர்கள் பக்கத்து வீடுகளில் கைமருந்துக் கணக்கு. கொத்தமல்லிக்கும் அதுதான், வேர்க்கொம்புக்கும் அதுதான். சீதேவிப்பிள்ளை யோசித்துப் பார்த்தாள். சேரின் மெசினும் அதைத்தானே செய்கிறது? வேண்டாததை ஓட்டிவிட்டு வேண்டியதை அடியில் வைக்கிறது. அவள் ஆறு பிடி சக்கையைப் போட்டு எட்டை ஒன்றாக்கினாள். கொத்தமல்லியைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். கூடிப்போனால் என்ன செய்யும் என்று கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த முள்ளை யாரும் குடித்ததில்லை. குடித்துப் பழகிய பொருளின் கணக்கைக் குடிக்காத பொருளுக்குப் போட்டாள். அது அவளுடைய பிழை. அதை அவள் பிறகு ஒருநாளும் மறுக்கவில்லை.

வினாயகமூர்த்தி கிண்ணத்தை மோந்து பார்த்தார்.

"இது எந்த முள்ளு புள்ள?"

"வாவிக்கரை முள்ளு."

"மாடு வாய் வைக்காத முள்ளா?"

"மாட்டுக்கென்ன, நுரையீரல்ல நோயா கிடக்கு?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமெடுத்தது.

"சரி, நீ படிச்ச ஆக்களோட நிக்கிறவள். தா" என்று ஒரே மடக்கில் குடித்தார்.

அடுத்த நாள் திவாகரன் கேட்டார், "அத்தான் எப்படி அக்கா?"

பதினொரு வருடத்தில் மூன்று பொறுப்பாளர்களைக் கண்டவள். அவளுக்குப் புருசன் இருக்கிறாரா என்று கேட்டவர்கூட இல்லை. இவர் அத்தான் என்கிறார். உடன்பிறந்தவன் கேட்பது போலக் கேட்கிறார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி வந்தது. அவளும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். ராத்திரி நல்லா நித்திரை. மீன் ஆணத்தோட சோறு திண்டவர். இருமல் நாலு தரம்தான். சிலவேளை அவரே தூண்டிக் கேட்பார். எத்தனை சுண்டு குடிச்சவர்? எட்டுக்கு ஒண்டாவா வத்தவச்சீங்க? வயித்தால போனதா?

"நீங்கதான் அக்கா உண்மையான கெமிஸ்ட்" என்று ஒருநாள் சிரித்தார். அவள் வெட்கப்பட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இருமல் உண்மையாகவே குறைந்தது. வினாயகமூர்த்தி வயல் வட்டைக்குப் போய் வரம்பில் நின்று வெட்டுக்காரர்களோடு கதைத்துவிட்டு வந்தார். ஊசித் திகதிக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் கேட்டாள்.

"சேர், இருபத்தாறு ஊசி. போகவா, விடவா? ஊசி போட்டா மயிர் கொட்டும், சோறு இறங்காது எண்டுறாங்க. இவரு இப்ப நல்லா இருக்காரு."

திவாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது உங்கட குடும்ப முடிவு அக்கா. நான் ஒண்டும் சொல்லக்கூடாது."

போகாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் போக வேண்டியதென்றால் போங்கள் என்று அடித்துச் சொல்லியிருப்பாரே என்று அவள் நினைத்தாள். படித்த மனிதர், வீட்டு மனிதர் போல விசாரிக்கிறவர், பிழை என்றால் சொல்லாமல் விடுவாரா? கிளினிக் கொப்பியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். இருபத்தாறாம் திகதி வந்தது, போனது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திவாகரன் வீட்டுக்கே வந்தார். அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார். சீதேவிப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறால் பொரித்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார், "அத்தான், வெளியில வாங்க. வெளிச்சத்தில ஒரு போட்டோ எடுப்பம்." வேலிக்குப் பக்கத்தில், பட்டிப்பூச் செடிகளுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார். கிட்டப் போய் இன்னொன்றும் எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். அது அவளுக்கு ஒரு பெருமையாகவும் இருந்தது.

சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்றாம் நாள் வினாயகமூர்த்தி கைவிசேஷக் காசு கொடுத்த கையோடு படுத்தார். சத்தி எடுத்தார். மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனது. கண் இரண்டும் மஞ்சள்.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்த டொக்டர் இர்ஷானா காத்தான்குடிப் பிள்ளை. சின்ன வயது, சத்தம் போடாத பேச்சு. கிளினிக் கொப்பியைப் புரட்டி, வராமல் விட்ட திகதியில் விரலை வைத்தார்.

"என்ன குடுத்தீங்க அம்மா? பயப்படாமச் சொல்லுங்க."

சீதேவிப்பிள்ளை சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இலைதானே டொக்டர்? இலை என்ன செய்யும்? உங்கட ஊசிதான் நஞ்சு எண்டு பயந்துபோய்..." என்றாள்.

"அந்த ஊசியும் ஒரு செடியில இருந்து வந்ததுதான்."

"எந்தச் செடி?"

"பட்டிப்பூ. கோயில்ல நித்தியகல்யாணி எண்டு வைக்கிறாங்களே, அதில இருந்து பிரிச்சு எடுத்தத மாத்திச் செய்றது. அதுவும் நஞ்சுதான் அம்மா. ஆனா எவ்வளவு குடுத்தா நோய்க்கு, எவ்வளவு குடுத்தா ஆளுக்கு எண்டு கன வருசமாப் பாத்து வச்சிருக்கிறாங்க. உங்கட முள்ளுக்கு அத யாரு பாத்தது?"

வேலியோரம் பூத்துக்கிடந்த அந்த ஊதாப் பூக்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அதற்கு முன்னால்தான் அவரைப் படமெடுத்தது.

"இருமல் குறைஞ்சதே டொக்டர்?"

"சுருட்ட விட்டுட்டாரா?"

"விட்டுட்டாரு."

டொக்டர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். "இப்ப எனக்கு ஒண்டு தெரியணும். இந்த மஞ்சள் இலையால வந்ததா, நோய் ஈரலுக்குப் போனதால வந்ததா? இலையால எண்டா நிப்பாட்டினா இறங்கும், மறுகா ஊசியப் பத்தி யோசிக்கலாம். நோயால எண்டா வேற கதை. எண்டைக்குத் தொடங்கினீங்க, எவ்வளவு, எண்டைக்குக் கண் மாறினது, எல்லாம் வேணும்."

அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. "எங்கட சேருக்குத் தெரியும்" என்றாள். "நான் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சொன்னனான்."

டொக்டர் தன் போனிலேயே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். திவாகரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்டும் தெரியாது டொக்டர். அந்த அம்மா இங்க துப்புரவு வேலை செய்றவ. இங்க இருந்து இலை எடுத்தவ எண்டா அது எங்களுக்குத் தெரியாம நடந்தது."

அந்த அம்மா. சீதேவிப்பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ அணைந்துவிட்டது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனாள். கதவைத் திறந்தாள். கூட்டவில்லை. திவாகரனின் மேசையில் கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று எப்போதும் கிடக்கும். பதினொரு வருடமாக மேசையில் எந்தக் கொப்பி கிடந்தாலும் தூக்கி, அடியைத் துடைத்து, அதே இடத்தில் வைத்திருக்கிறாள். ஒன்றையும் திறந்ததில்லை. இன்று திறந்தாள். சேருக்குப் பயமாக இருக்கும், அதனால்தான் போனில் அப்படிச் சொல்லியிருப்பார், தட்டுகளின் கணக்காவது இதில் இருக்கும் என்பதுதான் அந்த நேரம்வரை அவளுடைய எண்ணம்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. ஓ.எல். வரை படித்தவள், லேபிள் எழுதி எழுதிப் பழகியவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். நீலத் தட்டின் பக்கம் முதலில் அகப்பட்டது. ஏழாம் இலக்கம், சிவப்பு பதினொன்று, நீலம் பதினான்கு. இரண்டு தரம் பார்த்தாள். நோய்க் கலத்தைக் கொன்ற அதே அளவுக்கு அது நல்ல கலத்தையும் கொன்றிருந்தது. திகதி பெப்ரவரி பதின்மூன்று. ஊசிக்குப் போகவா என்று அவள் கேட்டதற்கு ஒன்பது நாள் முன். அந்தத் தட்டைக் கழுவியதும் அவள்தான்.

நாலு தாள் தள்ளி, ஒரு பக்கத்தின் தலையில் இரண்டு எழுத்து. வி.எம். ஆண், அறுபத்தொன்று. கீழே நாள் ஒன்று, நாள் இரண்டு என்று கோடு போட்ட வரிசை. இருமல் எத்தனை. குடித்தது எத்தனை. எட்டுக்கு ஒன்று. ஏழாம் நாளில் மீன் என்று இருந்தது. அவர் மீன் ஆணத்தோடு சோறு தின்ற நாள். அவள் சந்தோசமாக ஓடிவந்து சொன்ன நாள். பதினெட்டாம் நாளில் ஊசியைத் தவிர்க்கிறார் என்று எழுதி அடியில் கோடு இழுத்திருந்தது. முப்பத்தைந்தாம் நாளில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வேலியும் இல்லை, பூவும் இல்லை. நெற்றியும் இரண்டு கண்களும் மட்டும். பக்கத்தில் மஞ்சள் என்று எழுதி, ஒரு கேள்விக்குறி.

அதற்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. வருடப் பிறப்பு லீவுவரை இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தது.

திவாகரன் உள்ளே வந்தபோது கொப்பி அவள் கையில் இருந்தது.

"அக்கா, அதை வைங்க."

"போன மாசமே கண் மஞ்சள் எண்டு கண்டிருக்கீங்க."

"அது சந்தேகம் மட்டும்தான். வெளிச்சத்தில சிலவேளை..."

"நீலத் தட்டு?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"நான் குடுக்கச் சொன்னனா அக்கா? ஒரு நாளாவது சொன்னனா? நீங்களாத்தான் எடுத்தீங்க."

"ஓம். நானாத்தான் எடுத்தன். வேணாம் எண்டு ஒருக்காச் சொன்னீங்களா?"

"சொன்னா நீங்க நிப்பாட்டியிருப்பீங்க."

சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டவர் போல நின்றார். மின்விசிறி போடாததால் அறை புழுங்கியது.

"இஞ்ச பாருங்க அக்கா" என்று குரலை இறக்கினார். "மனுசன்ல இது என்ன செய்யும் எண்டு அறியிறதுக்கு எத்தனை வருசம் எடுக்கும் தெரியுமா? எத்தனை அனுமதி? அது தானா நடந்துகொண்டிருந்தது. நான் பாத்தன், அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரை வரக்குள்ள உங்கட பேரையும் போடுவன். கடைசியில நன்றி எண்டு."

"எந்தப் பேரை? அக்கா எண்டா, அந்த அம்மா எண்டா?"

அவர் கையை நீட்டினார். "அது நிறுவனத்துச் சொத்து. வெளியில கொண்டுபோக ஏலாது."

சீதேவிப்பிள்ளை சேலைத் தலைப்பை அவிழ்த்து, திறப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"இதுதான் உங்கட சொத்து" என்றாள். "கொப்பிக்குள்ள கிடக்கிறது என்ட புருசன்."

விறாந்தையில் பன்னிரண்டாம் இலக்கத்து இலை பரப்பிக் கிடந்தது. புரட்ட வேண்டிய நேரம். அதைத் தாண்டிப் போனாள்.

டொக்டர் இர்ஷானா நின்றபடியே கொப்பியை வாசித்தார். படம் ஒட்டிய பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். இரத்தச் சோதனைத் தாள்களைப் பக்கத்தில் வைத்து நாள்களை ஒப்பிட்டார்.

"இலைதான் எண்டு தெரியுது அம்மா. நல்லது, நோய் ஈரலுக்குப் போகல்ல. இறங்க ஆறேழு கிழமை எடுக்கும். மறுகா ஸ்கேன் ஒண்டு. உடம்பு தாங்கினா ஊசி."

"தாங்கும்தானே?"

"தெரியல்ல அம்மா. பெப்ரவரியில இருந்த உடம்பும் இல்ல இது, பெப்ரவரியில இருந்த நோயும் இல்ல." கொப்பியை மூடினார். "இத நான் மேல குடுக்கணும். நீங்களும் ஒரு கையெழுத்து வைக்கணும்."

"வைக்கிறன். ரெண்டு வைக்கிறன்."

வினாயகமூர்த்தி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் அவள் பக்கம் கிறுகினார்.

"திவாகரன் தம்பி வரல்லியா?"

"இல்ல."

"கேட்டாரா என்னை?"

"கேட்டாரு. ஒவ்வொரு நாளும் கேட்டாரு." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், தட்டு, கொப்பி, படம், ஒன்றும் விடாமல்.

"அண்டைக்குப் படம் எடுக்கக்குள்ள அவரு என்ட கண்ணைத்தான் பாத்தவர்" என்றார் கடைசியில். "பட்டியில மாடு வாங்க வாறவன் அப்பிடித்தான் பாப்பான். வளக்கிறவன் பாக்கிற பார்வை வேற."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல நீங்க?"

"நீ இறால் பொரிச்சுக்கொண்டு நிண்டாய். அவ்வளவு சந்தோசமா நிண்டாய்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் எங்கோ இடித்தது. இவரும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த நாளும் கிண்ணத்தை வாங்கிக் குடித்திருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனை கிண்ணம் என்று கொப்பியைப் பார்த்தால் தெரியும்.

அடுத்த கட்டில்காரரின் மனுசி, ஏறாவூர்ப் பக்கத்தவள், முந்தாநாள் வந்தவள், எழும்பிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கட ஆளுக்கு இப்ப எப்படிக்கா?"

சீதேவிப்பிள்ளை முதலில் அவளுடைய கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல் இருந்தது. மற்றக் கை வெறுங்கை. கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை.